கடைசி இலக்கத்தை மாற்றினால் போதும்

000000075. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் அமெரிக்கன் ஃபைனான்ஷியல் நிறுவனத்தின் இணையதளத்தில் ஓர் ஆவணத்தின் முகவரி இந்த ஒன்பது இலக்கங்களில் முடிந்தது. திறந்தால் 2003இல் நடந்த ஒரு சொத்து விற்பனையின் காகிதம். எண்ணை மாற்றிப் போட்டால் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் காகிதம். லாகின் கிடையாது, கடவுச்சொல் கிடையாது, யார் நீ என்ற கேள்வியே கிடையாது. 2019 மே 24 அன்று பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் இதை வெளியே கொண்டுவந்தபோது, இப்படிக் கேட்பாரற்றுக் கிடந்த ஆவணங்கள் ஏறத்தாழ 88.5 கோடி.

நம்மூரில் வீடு வாங்குபவர் வில்லங்கச் சான்று எடுத்து, தாய்ப்பத்திரம் பார்த்து, வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குகிறார். அமெரிக்காவில் இந்தச் சுமையின் பெரும்பகுதியை டைட்டில் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. அந்தத் துறையின் பெரிய கைகளில் ஒன்று ஃபர்ஸ்ட் அமெரிக்கன். வாங்குபவர், விற்பவர், வங்கி, தரகர் என்று எல்லோரும் பார்க்க வேண்டிய காகிதங்களை ஈகிள்புரோ என்ற மென்பொருளில் ஏற்றிவிட்டு லிங்கை மின்னஞ்சலில் அனுப்புவது வழக்கம். வங்கிக் கணக்கு எண், சமூகப் பாதுகாப்பு எண், ஓட்டுநர் உரிமத்தின் நகல், வரிக் காகிதம் எல்லாமே அதற்குள் இருந்தன. இப்படி ஒரு லிங்க் வந்த வாஷிங்டன் மாநில ரியல் எஸ்டேட்காரர் ஒருவர் முகவரியின் கடைசி இலக்கத்தை மாற்றிப் பார்த்தார். நடந்த ‘ஹேக்கிங்’ அவ்வளவுதான்.

இதைவிடச் சங்கடமான செய்தி பின்னால் வந்தது. அதே ஆண்டு ஜனவரியிலேயே நிறுவனத்தின் சொந்தப் பாதுகாப்புப் பிரிவினர் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதியிருந்தார்கள். மே மாதம் வரை யாரும் அதை அடைக்கவில்லை. செய்தி வெடித்ததும் பத்திரிகைகளுக்கு விளக்கம் கொடுத்த மேலதிகாரிகளுக்கு அப்படி ஓர் அறிக்கை இருப்பதே தெரியாது என்று அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் பிறகு பதிவு செய்தது.

கோப்புப் பகிர்வு மென்பொருள்களில் கடந்த 15 ஆண்டுகளில் வெளியான ஓட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். பலவற்றில் மேதாவித்தனமான தாக்குதல் எதுவும் இல்லை. பூட்டை உடைத்தவர்களைவிட, பூட்டே இல்லாத இடத்தில் நுழைந்தவர்கள்தான் அடிக்கடி தென்படுகிறார்கள். ஏன் இப்படி என்பதற்கான விடையின் பெரும்பகுதி 1975இல் வெளியான ஒரு கட்டுரையிலேயே இருக்கிறது.

ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் எழுதியது அது. கணினிக்குள் இருக்கும் ஒரு பொருளைக் காக்க இரண்டு வழிகள் உண்டு என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று பட்டியல் முறை. மற்றது டிக்கெட் முறை. ரயிலின் முன்பதிவுப் பெட்டியில் டிடிஆர் கையிலிருப்பது பட்டியல்: சார்ட்டில் பெயர் இருக்க வேண்டும், காட்டும் அடையாள அட்டை அதோடு பொருந்த வேண்டும். டவுன் பஸ்ஸில் நடப்பது டிக்கெட் முறை. சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பயணி. கண்டக்டர் பெயரைக் கேட்பதில்லை. இரண்டுமே நாணயமான முறைகள்தான். ஆனால் பட்டியல் முறையில் ஒவ்வொரு முறையும் சார்ட்டைப் பார்த்தாக வேண்டும். டிக்கெட் முறையில் டிக்கெட்டை யாரும் தானே அச்சடித்துக்கொள்ள முடியாதபடி இருக்க வேண்டும்.

கோப்புப் பகிர்வு மென்பொருள் இந்த இரண்டையும் ஒரே வண்டியில் ஓட்டுகிறது. லாகின் செய்து வருகிறவருக்குப் பட்டியல். ‘லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்று அனுப்பினால் டிக்கெட். மின்னஞ்சல், வங்கித் தளம், ரயில் முன்பதிவு போன்றவற்றில் ஒருவர் கணக்கில் இன்னொருவருக்கு அதிகம் வேலை இல்லை. இங்கே அடுத்தவருக்கு அனுமதி கொடுப்பதே வியாபாரம். எந்த அனுமதி சார்ட்டிலிருந்து வந்தது, எது டிக்கெட்டிலிருந்து வந்தது என்று மென்பொருளே குழம்பும் இடங்களில்தான் தையல் விடுகிறது. ஃபர்ஸ்ட் அமெரிக்கனில் சார்ட்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அந்த ஒன்பது இலக்கம் வெறும் சீட் நம்பர். சீட் நம்பரைச் சொன்னவரையெல்லாம் உட்காரவைத்த ரயில் அது.

*

முதலில் டிக்கெட் பக்கத்தைப் பார்க்கலாம், ஏனென்றால் இன்று வாட்ஸ்அப்பில் ஆடிட்டருக்குப் போகும் படிவம் முதல் கல்யாண ஆல்பம் வரை லிங்காகத்தான் பறக்கின்றன.

லிங்க் சாவியாக இருக்க வேண்டுமானால் அது நீளமாக, தாறுமாறாக, யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். நீளமான லிங்க் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைச் சுருக்குகிறவர்கள் சாவியின் பற்களையே தேய்த்துவிடுகிறார்கள். 2016இல் கார்னெல் டெக் ஆய்வாளர்கள் மார்ட்டின் ஜார்ஜியேவ், விட்டாலி ஷ்மாட்டிகோவ் இருவரும் இதைச் செய்தே காட்டினார்கள். பிட்லி சேவை தந்த சுருக்க முகவரிகளில் இருந்தது ஆறே எழுத்துகள். மொத்த வாய்ப்புகள் சுமார் 5,680 கோடி. மனிதனுக்கு இது மலை. சில கணினிகளை வாடகைக்கு எடுத்தவருக்கு மண்மேடு. அவர்கள் 10 கோடி முகவரிகளை மட்டும் சோதித்தார்கள். அதில் 19,524 முகவரிகள் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் கோப்புகளுக்கு இட்டுச் சென்றன.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்டிரைவ் முகவரி அமைந்திருந்த விதத்தில் ஒரு கோப்பின் லிங்க் கிடைத்தால் அதே நபர் பகிர்ந்திருந்த மற்றக் கோப்புகளுக்கும் வழி தெரிந்துவிட்டது. இப்படிக் கிடைத்த ஃபோல்டர்களில் சுமார் 7 சதவீதத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி இருந்தது. எழுத முடியும் என்றால் ஒரு வைரஸைப் போட்டுவிட்டு வரவும் முடியும். ஒன்டிரைவ் அதைப் பொறுப்பாக உரிமையாளரின் கணினிக்கே கொண்டுபோய் இறக்கியும் வைத்துவிடும். அந்த ஆண்டு மார்ச்சில் ஒன்டிரைவிலிருந்து ‘லிங்கைச் சுருக்கு’ என்ற வசதி காணாமல் போனது.

பாக்ஸ் நிறுவனத்தின் கதை இன்னொரு விதம். அதன் லிங்குகள் இயல்பாகவே நீளமானவை. ஆனால் வாடிக்கையாளர் நிறுவனங்கள் விரும்பினால் தாங்களே ஓர் அழகான பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். மனிதர் கையில் பெயர் வைக்கும் வேலையைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. 2019 மார்ச்சில் அட்வெர்சிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், நிறுவனப் பெயரோடு அகராதிச் சொற்களை ஒட்டிப் போட்டுப் பார்த்தே 90க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஃபோல்டர்களைத் திறந்தது. ஆப்பிளும் அதில் அடக்கம். பாக்ஸ் நிறுவனமே அடக்கம். பாஸ்போர்ட் படங்கள், வங்கிக் கணக்கு எண்கள், கடவுச்சொற்கள் எல்லாம் கிடைத்தன. மென்பொருளில் பிழையில்லை, வடிவமைத்தபடிதான் இயங்குகிறது என்று சொல்லிவிட முடியும். உண்மையும் அதுதான். ஆனால் வாசலில் ‘விரும்பினால் சாவியை மிதியடிக்குக் கீழே வைக்கலாம்’ என்று பலகை மாட்டியவருக்கும் பொறுப்பு உண்டு.

ஊகிக்க முடியாத லிங்கும் கசியும். 2014 மே மாதம் டிராப்பாக்ஸ் தன் லிங்குகளில் ஒரு பகுதியை அவசரமாக முடக்கியது. பகிர்ந்த ஆவணத்துக்குள் வேறொரு தளத்துக்கான லிங்க் இருக்கிறது. படிப்பவர் அதைத் தட்டுகிறார். பிரவுசர் புதிய தளத்திடம் ‘நான் இந்த முகவரியிலிருந்து வருகிறேன்’ என்று வழக்கம்போலச் சொல்கிறது. அந்த முகவரிதான் சாவி. பக்கத்துக் கடைக்காரரிடம் வீட்டுச் சாவியின் அச்சைக் காட்டிவிட்டு வந்தது போல. இதே சமயத்தில் இன்ட்ராலிங்க்ஸ் என்ற நிறுவனம் கூகுளில் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, விளம்பரக் கணக்கில் யார் யாருடைய வருமான வரிக் காகிதங்களுக்கோ லிங்குகள் வந்து விழுவதைக் கண்டது. காரணம் வேடிக்கையானது. பலர் லிங்கை முகவரிப் பட்டையில் ஒட்டாமல் தேடல் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள். நம் வீட்டில் எல்லோரும் செய்வதுதான்.

கூகுள் 2021 செப்டம்பரில் டிரைவிலுள்ள பழைய கோப்புகள் சிலவற்றின் லிங்குகளோடு கூடுதலாக ஒரு ரகசியக் குறியைச் சேர்த்தது. லிங்கே சாவி என்றிருக்கும் இடத்தில் சாவியைக் கெட்டியாக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பதன் ஒப்புதல் அது.

*

இனி சார்ட். ஒரு சர்வருக்குள் நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பிரவுசர் ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது: ‘எனக்குக் கோப்பு 4312 வேண்டும். நான் இன்னார், இதோ என் குக்கீ.’ சர்வர் குக்கீயை எடுத்துச் சோதிக்கிறது. சரி, லாகின் செய்தவர்தான். டேட்டாபேஸில் 4312ஐத் தேடுகிறது. இருக்கிறது. எடுத்து அனுப்புகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தது போலவே தெரியும். விட்டுப்போனது ஒரே நிபந்தனை: அந்த 4312ஆம் கோப்பின் உரிமையாளர் இவர்தானா, அல்லது உரிமையாளர் இவருக்குக் கொடுத்திருக்கிறாரா? நிரலில் அது ஒரு வரிகூட இல்லை, வரியின் பாதி. அதைச் சேர்க்க மறந்தாலும் மென்பொருள் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது. எழுதிய டெவலப்பர் தன் கணக்கில் நுழைந்து தன் கோப்பைத் திறந்து பார்ப்பார்; திறக்கும். டெஸ்டரும் அப்படியே பார்ப்பார், திறக்கும். அடுத்தவர் கோப்பைத் திறக்க முயன்று, திறக்கவில்லை என்று உறுதி செய்வது யாருடைய வேலைப் பட்டியலிலும் இருக்காது.

இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் பத்துப் பெரிய அபாயங்களின் பட்டியலில் 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்த இந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறை 2021இல் முதலிடத்துக்கு வந்தது. இங்கே ஓர் இடைச்செருகல் அவசியம். ‘94 சதவீத மென்பொருள்களில் இந்த ஓட்டை இருக்கிறது’ என்று பல கட்டுரைகள் எழுதிவிட்டன. ஓவாஸ்ப் சொன்னது, 94 சதவீத மென்பொருள்கள் இந்த ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கப்பட்டன என்பதே. குறை தென்பட்ட சராசரி விகிதம் 3.81 சதவீதம். பயமுறுத்த அதுவே போதும்; மிகைப்படுத்த வேண்டியதில்லை.

வேண்டுகோளில் வரும் எண்ணை அப்படியே நம்பும் இந்தப் பழக்கத்தை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்களில் இரண்டு தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. 2013இல் அருள்குமார் என்ற 21 வயது பொறியாளர் ஃபேஸ்புக்கின் உதவிப் பக்கத்தைக் கவனித்தார். ஒரு படத்தைப் பற்றிப் புகார் செய்தால், படத்தின் சொந்தக்காரருக்கு ‘இதை நீக்க இங்கே தட்டவும்’ என்று ஒரு லிங்க் போகும். அந்த லிங்க் யாருக்குப் போக வேண்டும் என்பதும் எந்தப் படம் என்பதும் முகவரியிலேயே இரண்டு எண்களாக இருந்தன. படத்தின் எண்ணாக யாரோ ஒருவரின் படத்தையும், சொந்தக்காரர் எண்ணாகத் தன் இரண்டாவது கணக்கையும் போட்டால், நீக்கும் லிங்க் தன் பெட்டிக்கே வந்து சேர்ந்தது. முதலில் ஃபேஸ்புக் தரப்பில் நம்பவில்லை. மார்க் ஸக்கர்பெர்கின் படம் ஒன்றையே வைத்து, கடைசிப் படிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, வீடியோ எடுத்து அனுப்பினார். 12,500 டாலர் பரிசு வந்தது. 2015 பிப்ரவரியில் லக்ஷ்மண் முத்தையா என்பவர் இன்னும் நேரடியான ஒன்றைக் கண்டார். ஃபேஸ்புக்கின் ஆண்ட்ராய்டு செயலிக்கான டோக்கனை வைத்துக்கொண்டு எவருடைய ஆல்பத்தின் எண்ணைக் கொடுத்தாலும் ஆல்பமே அழிந்தது. அதற்கும் அதே 12,500 டாலர்.

அருள்குமார் கண்டதற்குக் கணினி இயலில் ஒரு பழைய பெயர் உண்டு: குழம்பிய குமாஸ்தா. 1988இல் நார்ம் ஹார்டி எழுதிய ஒரு சிறு கட்டுரையிலிருந்து வந்த கருத்து. குமாஸ்தாவுக்கு எல்லா அலமாரிச் சாவியும் உண்டு. வருகிறவர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததை எடுத்துத் தருகிறார். தனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்கிறாரே தவிர, கேட்டவருக்கு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கோப்புப் பகிர்வு சர்வர்கள் அத்தனையும் இயல்பிலேயே இப்படிப்பட்ட குமாஸ்தாக்கள். டிஸ்க்கில் உள்ள எல்லாமே சர்வருக்குத் திறக்கும்.

இந்தியாவுக்கு நெருக்கமான உதாரணம் டிஜிலாக்கர். ஆதார் தொடங்கி மதிப்பெண் பட்டியல்வரை வைக்கும் அரசுப் பெட்டகம். 2020இல் வெளியான ஓட்டை இதுதான்: ஒருவர் தன் சொந்த விவரத்தையும் தனக்கு வந்த ஓடிபியையும் கொடுத்துச் சரிபார்ப்பைத் தாண்டிவிட்டு, அதற்குப் பிறகான கட்டத்தில் பயனர் அடையாளத்தை மாற்றினால் இன்னொருவர் கணக்கில் போய் நின்றார். ஓடிபி சரியா என்று பார்த்தார்கள். அது யாருக்கு அனுப்பிய ஓடிபி என்று பார்க்கவில்லை. அப்போது இருந்த கணக்குகள் சுமார் 3.8 கோடி. அரசின் இணையப் பாதுகாப்பு அவசரக் குழுவான செர்ட்-இன் எச்சரித்த ஒரு நாளுக்குள் அடைத்துவிட்டோம், எவருடைய தரவும் பறிபோகவில்லை என்று டிஜிலாக்கர் அறிவித்தது.

சார்ட்டில் பெயர் இருந்தாலும் எதற்கு அனுமதி என்பது தனிக் கேள்வி. நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில் 2024இல் திருத்திய ஒரு குறை: படிக்கவும் மறுபடி பகிரவும் மட்டும் அனுமதி பெற்றவர், தனக்கே இல்லாத கூடுதல் உரிமைகளோடு அதை இன்னொருவருக்குப் பகிர முடிந்தது. வாடகைக்கு இருப்பவர் வீட்டை உள்வாடகைக்கு விடும்போது விற்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது மாதிரி.

*

சில நாட்களில் சார்ட், டிக்கெட் எதுவுமே இல்லாமல் வாசல் கதவே கழன்று விழுந்துவிடும். 2011 ஜூன் 19 அன்று டிராப்பாக்ஸில் ஒரு புதிய நிரல் ஏற்றினார்கள். அடுத்த நான்கு மணி நேரத்துக்கு எவருடைய மின்னஞ்சலைப் போட்டு எந்தக் கடவுச்சொல்லைத் தட்டினாலும் கணக்கு திறந்தது. அந்த நேரத்தில் லாகின் செய்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பது அதிர்ஷ்டம்.

ஓன்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் 2023 நவம்பரில் அறிவித்த ஓட்டைகளில் ஒன்று டிக்கெட் முறையின் பாலபாடத்தையே மீறியது. கோப்பை எடுக்க ‘கையெழுத்திட்ட’ லிங்கைப் பயன்படுத்தலாம். பயனருக்கென்று ஒரு ரகசியச் சாவி உண்டு. அதைக் கொண்டு போட்ட கையெழுத்தா என்று சர்வர் சரிபார்க்கும். பெரும்பாலான பயனர்களுக்கு அந்தச் சாவி அமைக்கப்பட்டிருக்கவே இல்லை. அப்போது சர்வர் என்ன செய்ய வேண்டும்? மறுத்திருக்க வேண்டும். மாறாக, சாவி இல்லாதவரின் பெயரில் வந்த கையெழுத்தை ஏற்றுக்கொண்டது. பயனர் பெயர் தெரிந்தால் போதும், அவர் கோப்புகளைப் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். சந்தேகம் வந்தால் மறு என்பது சால்ட்சர்–ஷ்ரோடர் கட்டுரையின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. 48 ஆண்டுகள் கழித்தும் அது பாடத்தில்தான் இருந்தது.

நிறுவனங்கள் கோப்பு அனுப்பப் பயன்படுத்தும் கோஎனிவேர் மென்பொருளில் 2024 ஜனவரியில் வெளியானது இன்னும் சின்னது. முதன்முதலாக நிறுவும்போது அட்மின் கணக்கை உருவாக்க ஒரு பக்கம் இருக்கும். நிறுவி முடித்தபின் அங்கே யாரும் போகக் கூடாது. முகவரியின் நடுவில் ‘/..;/’ என்ற நான்கைந்து குறிகளைச் செருகினால் காவல்காரர் கண்ணில் அது வேறு பக்கமாகத் தெரிந்தது, உள்ளே இருப்பவர் கண்ணில் அதே அமைப்புப் பக்கமாகத் தெரிந்தது. வந்தவர் புது அட்மின் ஆனார். உடனே புதுப்பிக்க முடியாதவர்களுக்குச் சொல்லப்பட்ட கைவைத்தியம், அந்தப் பக்கத்தின் கோப்பையே அழித்துவிட்டு மென்பொருளை மறுபடி தொடங்குவது. வேலை முடிந்த கட்டடத்தில் சாரம் எதற்கு நின்றுகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை போலும்.

2025 மார்ச்சில் கிரஷ்எஃப்டிபி என்ற இன்னொரு கோப்பு அனுப்பும் மென்பொருள். அமேசான் பாணியிலான வேண்டுகோள்களையும் ஏற்க வேண்டும் என்று எழுதப்பட்ட பகுதியில், ‘கடவுச்சொல்லைத் தேடி எடுக்க வேண்டுமா’ என்பதற்கான ஆம்/இல்லை மதிப்பு ஒன்று இருந்தது. அதே மதிப்பு இன்னொரு பகுதிக்குள் போனபோது ‘எந்தக் கடவுச்சொல்லானாலும் சரியா’ என்ற கேள்விக்கான விடையாகப் பொருள் மாறியது. ஒரே ‘ஆம்’, இரண்டு கேள்விகள். பயனர் பெயர் தெரிந்தவர் கடவுச்சொல் இல்லாமலே நுழைந்தார்.

*

ஓட்டையை அடைத்துவிட்டால் முடிந்ததா? புராஜெக்ட்சென்ட் என்ற இலவச, திறந்த மூல மென்பொருளின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளருக்குக் கோப்பு அனுப்பச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் சிறு மென்பொருள் அது. பிரான்ஸின் சினாக்டிவ் நிறுவனம் 2023 ஜனவரியில் அதில் ஒரு குறையைச் சொன்னது. அமைப்புகளை மாற்றும் பக்கம், லாகின் செய்யாதவர் அனுப்பிய மாற்றத்தையும் ஏற்றுக்கொண்டது. புதியவர் தானே பதிவு செய்துகொள்ளலாம் என்று மாற்றிவிடலாம்; எந்த வகைக் கோப்பையும் ஏற்றலாம் என்று மாற்றிவிடலாம்; பிறகு தன் நிரலையே ஏற்றி சர்வரைக் கைப்பற்றலாம். 2023 மே மாதம் திருத்தம் எழுதப்பட்டது. ஆனால் அது அதிகாரபூர்வ வெளியீடாக வந்தது 2024 ஆகஸ்டில். ஓட்டைகளுக்கான பொதுப் பதிவேட்டில் இந்தக் குறைக்கு ஒரு எண் (சிவிஇ எண்) கிடைத்தது அதே ஆண்டு நவம்பரில். எண் இல்லாத ஓட்டை, ஓட்டைகளைத் தேடும் கருவிகள் பலவற்றின் கண்ணில் படாது.

இடையில் தாக்குபவர்கள் காத்திருக்கவில்லை. வல்ன்செக் நிறுவனம் இணையத்தில் தெரிந்த புராஜெக்ட்சென்ட் தளங்களைப் பார்த்தபோது, பலவற்றின் தலைப்பு அர்த்தமில்லாத எழுத்துக் கோவையாக மாறியிருந்தது. யாரோ கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போன அடையாளம். பல தளங்களில் பதிவு வசதியும் திறந்துவிடப்பட்டிருந்தது. அப்போது திருத்தப்பட்ட பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தவை எத்தனை என்று எண்ணினார்கள். ஒரு சதவீதம்.

இப்படிப்பட்ட சிறு மென்பொருளை நிறுவுபவர் பெரும்பாலும் ஏதோ ஓர் அலுவலகத்தின் ‘கம்ப்யூட்டர் தெரிந்த பையன்’. அவர் வேலை மாறிப் போனபின் அந்த சர்வர் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. இலவசமாக எழுதிக் கொடுத்தவரைக் குறை சொல்வது எளிது; ஆனால் திருத்தத்துக்கும் வெளியீட்டுக்கும் இடையே 15 மாதம் என்பதை எந்த நியாயத்தாலும் சமாளிக்க முடியாது.

தரவைத் திருடிப் பணம் பறிக்கும் கிளாப் கும்பலைக் குறிப்பிடாமல் இந்தத் துறையைப் பற்றிப் பேச முடியாது, எனினும் அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில் கவனம் வேண்டும். 2020 டிசம்பரில் தொடங்கி அக்செலியன் நிறுவனத்தின் ஏறத்தாழ 20 ஆண்டு பழைய கோப்பு அனுப்பும் சாதனம், 2023 மே இறுதியில் மூவ்இட் மென்பொருள் என்று அவர்கள் புகுந்தது, டேட்டாபேஸ் கட்டளையைத் திருட்டுத்தனமாகச் செருகும் எஸ்க்யூஎல் ஊடுருவல் வழியாக. அணுகல் கட்டுப்பாட்டுக் குறையின் சகோதரன் அது; அதுவே அல்ல. மூவ்இட்டில் மட்டும் பாதிக்கப்பட்ட அமைப்புகள் 2,700க்கும் மேல், தனிமனிதர்கள் 9 கோடிக்கும் மேல். சம்பளப் பட்டியல் போடும் ஸெல்லிஸ் நிறுவனம் வழியாக பிபிசி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களின் விவரங்களும் போயின. ஆனால் இங்கே சேதத்தைப் பெரிதாக்கியது வேறொன்று: அனுப்பி முடித்த கோப்பு அனுப்பிய இடத்திலேயே கிடந்தது. கூரியர் அலுவலகத்தைக் கிடங்காகப் பயன்படுத்தினால் ஒரே திருட்டில் எல்லாம் போகும்.

*

பரிகாரம் என்ன என்பதில் நிபுணர்களிடையே பெரிய சண்டை இல்லை. 2023 ஜூலையில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, உளவு அமைப்பான என்எஸ்ஏ, ஆஸ்திரேலிய இணையப் பாதுகாப்பு மையம் மூன்றும் சேர்ந்து எண்ணை மாற்றும் இந்த ஓட்டைக்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. ஒவ்வொரு வேண்டுகோளிலும் கேட்பவருக்கு உரிமை உண்டா என்று சர்வரே சோதிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். புதிதாக எதுவும் இல்லை. சிக்கல், அந்தச் சோதனையை எங்கே வைப்பது என்பதில். நூறு பக்கங்கள் உள்ள மென்பொருளில் நூறு இடத்திலும் எழுத வேண்டும் என்று விட்டால், நூற்றோராவது பக்கத்தை எழுதுபவர் மறப்பார். கோப்பை டிஸ்க்கிலிருந்து எடுக்கும் ஒரே வாசலில் சோதனையை வைத்து, அந்த வாசல் வழியாக அன்றி எவரும் எடுக்க முடியாதபடி கட்டுவதே உருப்படியான வழி.

வரிசை எண்ணுக்குப் பதில் 32 எழுத்துத் தாறுமாறான குறியைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. சீட் நம்பரை நீளமாக்கினால் அது டிக்கெட் ஆகிவிடாது. அந்தக் குறி பதிவேடுகளில், பிரவுசர் வரலாற்றில், வாட்ஸ்அப் குழுவில் எங்காவது கிடக்கும். நீளமான குறி ஊகிப்பதைத் தடுக்கும், கசிவதைத் தடுக்காது. டிக்கெட் என்றால் அதற்குக் காலாவதி வேண்டும், ரத்து செய்யும் வழி வேண்டும். டவுன் பஸ் டிக்கெட்டே மறுநாள் செல்லாது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு சோதனை செலவே இல்லாதது. இரண்டு கணக்குகளைத் திறந்து, முதல் கணக்கின் கோப்பு எண்ணை இரண்டாவது கணக்கிலிருந்து கேட்டுப் பார்ப்பது. பிறகு லாகின் செய்யாமலே கேட்டுப் பார்ப்பது. அரை மணி நேர வேலை. அருள்குமாரும் இரண்டு கணக்குகளை வைத்துக்கொண்டுதான் பார்த்தார்.

ஃபர்ஸ்ட் அமெரிக்கன் கதையின் முடிவு இது. முதலீட்டாளர்களுக்கு உண்மையைச் சொல்லும் நடைமுறையில் குறை இருந்ததற்காக 2021 ஜூனில் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 4,87,616 டாலர் கட்டியது. 2023 நவம்பரில் நியூயார்க் மாநில நிதித்துறைக்கு 10 லட்சம் டாலர் கட்டியது. இரண்டையும் கூட்டி, அன்றைய மாற்று மதிப்பில் ரூபாயாக்கி, 88.5 கோடி ஆவணங்களால் வகுத்தால் ஆவணம் ஒன்றுக்குச் சுமார் 13 காசு வருகிறது. ஜெராக்ஸ் கடையில் அந்தக் காசுக்கு ஒரு பக்கம்கூட எடுத்துத் தரமாட்டார்கள்.